சுகர் மீட்டரை எடுக்கவே கை வரவில்லை, மூன்று மாதமாகிறது

தனிமரம்:

யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எனக்கு டைப் 2 சர்க்கரை வந்து ஒன்பது வருடம். ஆறு வருடத்துக்கு மேல் மாத்திரையிலேயே ஓடியது. இப்போது இரண்டரை வருடமாக மாத்திரையோடு இரவு படுக்கும் முன் நீண்ட நேர இன்சுலின் 26 யூனிட். ஊசிக்குப் பயந்தவன் இல்லை, ஒரு நாள்கூட விட்டதில்லை. ஆனால் காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 210, 225, 198, மறுபடி 217. அளவாகச் சாப்பிட்டு, நடந்துவிட்டு, நேரத்துக்குப் படுத்த நாளிலும் அதே எண்தான். ஒன்றையும் கவனிக்காமல் சாப்பிட்ட நாளிலும் கிட்டத்தட்ட அதே எண்தான். அப்படியென்றால் நான் எதற்கு இவ்வளவு பாடுபடுகிறேன்?

கண் விழித்து ஐந்து நிமிடத்தில் அந்த எண் வந்துவிடும். அதற்குப் பிறகு அன்று முழுவதும் தப்பு செய்தவன் மாதிரி நடமாடுவேன். ஒரு நாள் விரலைத் துடைத்துவிட்டு ஊசியை எடுத்தேன், குத்த மனம் வரவில்லை. மீட்டரை இழுப்பறையில் போட்டு மூடினேன். அதோடு மூன்று மாதம்.

வேலைக்குப் போகிறேன், சிரிக்கிறேன், பிள்ளைகளோடு விளையாடுகிறேன், தூக்கமும் வருகிறது. அதனால் மனச்சோர்வு என்று சொல்ல எனக்கே கூச்சம். ஆனால் சுகர் என்ற சொல் காதில் விழுந்தாலே உடம்பு தளர்ந்துவிடுகிறது. கடைசியாகப் பார்த்த ஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 9.1. அன்றைக்கு மருத்துவர் அறிக்கையிலிருந்து தலையைத் தூக்காமலே "நீங்கள் ஒழுங்காக இருப்பதில்லை" என்றார். இன்னும் இரண்டு வாரத்தில் மறுபடி போக வேண்டும், போகாமல் தள்ளிப் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். இது மற்றவர்களுக்கும் நடக்கிறதா, இல்லை நான்தான் சோம்பேறியா?

ஊசிமுனை:

சோம்பேறி இரண்டரை வருடம் ஒரு நாள் விடாமல் ஊசி போட மாட்டான் அண்ணா. முதலில் அதை மனதில் வையுங்கள்.

எனக்கு டைப் 1. பதினோரு வயதில் வந்தது, இப்போது முப்பத்து நான்கு. உங்களுக்கு நடப்பது எனக்குப் பத்தொன்பது வயதில் நடந்தது. அப்போது சுகர் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நான் பார்ப்பதையே விட்டுவிட்டு, போவதற்கு முந்தின இரவு உட்கார்ந்து ஒரு மாத எண்களை மொத்தமாக எழுதுவேன். ஒரே பேனாவில் எழுதினால் தெரிந்துவிடும் என்று மூன்று பேனாவை மாற்றி மாற்றி எழுதுவேன். 112, 134, 128. இடையில் ஒரு 190 போடுவேன், நம்புகிற மாதிரி இருக்க வேண்டும் அல்லவா. ரத்தப் பரிசோதனையில் ஏ1சி 11 வந்து நிற்கும்போது அந்த நோட்டுக்கு என்ன மதிப்பு? இருந்தாலும் எழுதினேன். அந்த அறையில் திட்டு வாங்காமல் வெளியே வந்தால் போதும் என்பது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது.

பிறகுதான் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தது. டயபெட்டிஸ் டிஸ்ட்ரெஸ் என்பார்கள், சர்க்கரையோடு வாழ்வதால் வரும் மனப்பாரம் என்று வைத்துக்கொள்ளலாம். மனச்சோர்வு நோயிலிருந்து இது வேறு. மனச்சோர்வில் எல்லாமே வெறுமையாகிவிடும். இதில் மற்ற எல்லாம் ஓடும், சர்க்கரை சம்பந்தப்பட்ட விஷயத்தில் மட்டும் ஆள் களைத்து உட்கார்ந்துவிடுவார். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான். 1995-இல் வில்லியம் பொலான்ஸ்கி என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் இதை அளக்க இருபது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். 100-க்கு மதிப்பெண், 40-ஐத் தொட்டால் பாரம் அதிகம், கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். அதைக் கேட்டு வாங்கி நிரப்பிப் பாருங்கள். எனக்கு 71 வந்தது. அந்தத் தாளைப் பார்த்து அழுதுவிட்டேன், ஆனால் அதில் நிம்மதியும் இருந்தது. யாரோ உட்கார்ந்து கேள்வி கேள்வியாக எழுதியிருக்கிறார்கள் என்றால் என்னைப் போலப் பலர் இருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

மருத்துவரிடம் போகாமல் மட்டும் இருக்காதீர்கள்.

கணக்கு வாத்தியார்:

வருத்தப்படுவீர்கள் என்றாலும் சொல்கிறேன் தம்பி. எனக்குப் பதினாறு வருடமாக சர்க்கரை, ஏ1சி 6.8-ஐத் தாண்டவிட்டதில்லை. காரணம் ஒன்றுதான், எண்ணைப் பார்க்கிறேன், எழுதுகிறேன், அதன்படி நடக்கிறேன். எண் பொய் சொல்லாது. 1993-இல் வெளிவந்த டிசிசிடி ஆய்வில் டைப் 1 உள்ளவர்கள் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தபோது கண் பாதிப்பு புதிதாக வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. இது சின்ன விஷயமா?

என் அண்ணன் உங்களைப் போலத்தான் பார்ப்பதை நிறுத்தினார். பார்க்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா? காலில் புண் வந்தது தெரியவில்லை, உணர்ச்சி இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மனது சரியாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று நாம் காத்திருக்கலாம், கண்ணும் காலும் சிறுநீரகமும் காத்திருக்காது. நாளைக் காலை மீட்டரை எடுங்கள். மனதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

துணைவி:

ஐயா, உங்கள் அண்ணனுக்கு நடந்ததைப் படித்து மனம் கனத்தது. ஆனால் அவர் ஏன் பார்ப்பதை நிறுத்தினார் என்று அப்போது யாராவது கேட்டார்களா? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. நானும் கேட்காமல் இருந்தவள்தான்.

என் கணவருக்கு சர்க்கரை வந்த நாளிலிருந்து வீட்டில் நான்தான் போலீஸ். தட்டைப் பார்ப்பேன், "இது உங்களுக்கு ஆகுமா?" என்பேன், மீட்டரின் நினைவில் பழைய எண்களைத் தட்டித் தட்டிப் பார்ப்பேன். எல்லாம் அன்பால்தான், சத்தியமாக. ஒரு நாள் காரைத் துடைக்கும்போது இருக்கைக்கு அடியில் இனிப்பு உறைகள் ஒரு பை நிறையக் கிடந்தன. நாற்பத்தெட்டு வயது ஆள், எனக்குப் பயந்து காரில் ஒளிந்து சாப்பிட்டிருக்கிறார். அன்று நான் கத்தவில்லை, எனக்கு என் மேலேதான் வெறுப்பாக இருந்தது. ஒளிந்து சாப்பிடுபவர் அளந்தா சாப்பிடுவார், அவசரத்தில் அள்ளித்தானே போட்டுக்கொள்வார்?

இரண்டு நாள் கழித்து, "நான் என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "என்னிடம் எண் கேட்காதே. ராத்திரி சாப்பிட்டதும் என்னோடு நடக்க வா" என்றார். அவ்வளவுதான் கேட்டார். இப்போது தினமும் சாப்பிட்டு எழுந்ததும் பதினைந்து இருபது நிமிடம் நடக்கிறோம், சர்க்கரையைத் தவிர எல்லாவற்றையும் பேசுகிறோம். முதல் மாதம் எண் கேட்காமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான்காவது வாரம் அவராகவே வந்து, "சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 168" என்றார்.

தனிமரம், உங்கள் வீட்டில் நிலைமை எப்படி? யாராவது தினமும் எண் கேட்கிறார்களா?

சுகர் செவிலி:

நான் சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் செவிலியர், பதினான்கு வருடமாக இதே வேலை. இந்த இழையைக் காலையில் படித்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதைக் கடைசியில் கேட்கிறேன்.

வாத்தியார் ஐயா, எண் பொய் சொல்லாது என்பது முழுக்கச் சரியில்லை. வீட்டு மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர விதி 2013-இல் திருத்தப்பட்டது. அதன்படி 100-க்கு மேல் உள்ள சர்க்கரையில் நூறில் தொண்ணூற்றைந்து அளவீடுகள் ஆய்வகக் கணக்கிலிருந்து 15 சதவீத வரம்புக்குள் மேலோ கீழோ இருந்தால் போதும், அது தரமான மீட்டர்தான். 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளி வரை தள்ளலாம். பழத்தை உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் இன்னும் மோசம், விரலில் ஒட்டிய சாறே சர்க்கரையைத் தூக்கிக் காட்டிவிடும். ஏ1சியும் அப்படித்தான். சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அவற்றில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதுதான் ஏ1சி. ரத்தசோகை இருந்தால் அந்தக் கணக்கு தப்பும். எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பக்கம் போகிறோம் என்று எண் காட்டும், நாம் எப்படிப்பட்ட ஆள் என்று அது சொல்லாது.

இன்னொன்று. காலை வெறும் வயிற்று எண்ணில் நம் கையில் இல்லாத பங்கு நிறைய. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கார்ட்டிசோல், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் ஏறும். உடம்பை எழுப்பத் தயார் செய்வதற்காகக் கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை எடுத்து விடும். சர்க்கரை இல்லாதவர்களுக்கு உடனே இன்சுலின் சுரந்து சமன் செய்துவிடும், நமக்கு அது நடப்பதில்லை. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் ஏறும் சர்க்கரை இது. மனக்கலக்கமும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. அட்ரினலினும் கார்ட்டிசோலும் கல்லீரலைத் தட்டிவிடும், இருக்கும் இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடாது. தூக்கம் கெட்டாலும் இதேதான். ஆகவே "முதலில் சர்க்கரை, பிறகு மனது" என்று ஐயா சொல்கிற மாதிரி இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே ரத்தத்தில் ஓடுகின்றன.

தனிமரம், இப்போது உங்களிடம். ஏ1சி 9.1 என்றால் சராசரி சர்க்கரை சுமார் 214. நீங்கள் எழுதிய காலை எண்களும் அதைச் சுற்றியே இருக்கின்றன. 26 யூனிட்டை ஒரு நாள் விடாமல் போடுகிறீர்கள், எப்படிச் சாப்பிட்டாலும் ஒரே எண் வருகிறது என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் ஒழுங்கின் மேல் வரவில்லை, மருந்து உள்ளே ஒழுங்காகப் போகிறதா என்பதில்தான் வந்தது. எந்த இடத்தில் ஊசி போடுகிறீர்கள்? தினமும் மாற்றுகிறீர்களா? இரண்டு விரலால் அந்த இடத்தை மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஊசி முனையை எத்தனை முறை பயன்படுத்துகிறீர்கள்? இன்சுலின் பேனாவைத் திறந்து எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலான இன்சுலினுக்குத் திறந்த பிறகு 28 நாள்தான் கணக்கு, வெயில் படும் இடத்தில் இருந்தால் அதற்கு முன்பே வீரியம் போய்விடும்.

மழைநாள்:

தனிமரம் சொல்வது மனச்சோர்வு இல்லை என்று ஊசிமுனை எழுதியது சரியாக இருக்கலாம். ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக என் கதையையும் வைக்கிறேன், ஏனென்றால் எனக்கு அது மனச்சோர்வு நோயாகத்தான் இருந்தது, நான் ஒன்றரை வருடம் "சுகர் அலுப்பு" என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் மருத்துவர் கேட்டது இரண்டே கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மனம் கீழே கிடந்ததா? முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனதா? இரண்டுக்கும் ஆமாம். பாட்டு கேட்பதை எப்போது விட்டேன் என்றே எனக்குத் தெரியவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு இல்லாதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 2001-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். அதனால் இந்த இரண்டு கேள்வியை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள்.

எனக்கு அதற்கு மாத்திரை கொடுத்தார்கள், பேச்சு சிகிச்சையும் நடந்தது. அப்போது கற்றது: மனநல மாத்திரைகளில் சில சர்க்கரையை ஏற்றும், சில இறக்கும். அதனால் இரண்டு மருத்துவருக்கும் எல்லா மாத்திரையும் தெரிய வேண்டும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுபவர்கள் வைட்டமின் பி12 பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தாலும் அசதி, மறதி, காலில் மரமரப்பு எல்லாம் வரும். எனக்கு அதுவும் குறைந்திருந்தது.

அப்புறம் சொல்லக் கஷ்டமாக இருக்கும் ஒன்று. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. அன்றே அக்காவிடம் சொல்லிவிட்டேன், அதைத்தான் நான் செய்த நல்ல காரியம் என்று இன்றும் நினைக்கிறேன். என் இன்சுலின் முழுவதையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். நான்கு மாதம் அவள்தான் வேளைக்கு எடுத்துத் தந்தாள், போட்டு முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், ஒரு நாள்கூட அறிவுரை சொன்னதில்லை. அப்படி எண்ணம் வருகிற யாராவது இதைப் படித்தால், இன்றே, இப்போதே யாரிடமாவது சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போவதில் எந்த அவமானமும் இல்லை.

தனிமரம்:

செவிலி அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கண்ணாடி முன் நின்று தடவிப் பார்த்தேன். தொப்புளுக்கு இடது பக்கம், நான்கு விரல் தள்ளி, ஒரு எலுமிச்சை அளவுக்கு மெத்தென்று ஒரு திரட்சி. வலியே இல்லை. வலி இல்லாததால்தான் அங்கேயே போட்டுக்கொண்டிருந்தேன், இரண்டரை வருடமாக, ஒரே இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு. தொப்பை என்றுதான் நினைத்திருந்தேன். ஊசி முனையையும் பத்து நாள் வரை மாற்றுவதில்லை. இடத்தை மாற்ற வேண்டும் என்று முதல் நாள் யாராவது சொன்னார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என் காதில் எதுவும் விழவில்லை.

துணைவி கேட்டதற்கு: வீட்டில் யாரும் எண் கேட்பதில்லை. நானே தினமும் என்னைக் கேட்டுக்கொண்டேன், அதுதான்.

சுகர் செவிலி:

அதைக் கொழுப்புத் திரட்சி என்போம், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போட்டால் இன்சுலினே அந்த இடத்துக் கொழுப்பை வளர்த்துவிடும். உணர்ச்சி குறைந்த இடம், அதனால் வலிக்காது, வலிக்காததால் எல்லோரும் அங்கேயே போடுவார்கள். நான் பார்க்கும் ஆட்களில் இது மிகச் சாதாரணம். அதற்குள் போன மருந்து சில நாள் பாதிதான் ரத்தத்துக்கு வரும், சில நாள் தாமதமாக மொத்தமாக வரும்.

கவனமாகக் கேளுங்கள். இன்றிரவே வேறு இடத்தில் 26 யூனிட்டைப் போட்டுவிடாதீர்கள். நல்ல இடத்தில் போட்டால் 26-ம் முழுதாக வேலை செய்யும், நடு இரவில் சர்க்கரை அதல பாதாளத்துக்கு இறங்கிவிடலாம். மருத்துவரை முன்கூட்டியே அழைத்து டோஸைக் குறைத்து வாங்குங்கள், பிறகு மாற்றுங்கள். மாற்றிய முதல் வாரம் அடிக்கடி சுகர் பார்த்தே ஆக வேண்டும். இதற்காக மீட்டரை எடுக்க முடியுமா?

மருத்துவரிடம் பேச வாய் வராது என்றால் இரண்டே வாக்கியம் தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். "மூன்று மாதமாக சுகர் பார்க்கவில்லை, பார்க்க மனம் வரவில்லை. வயிற்றில் ஒரு திரட்சி இருக்கிறது, தொட்டுப் பாருங்கள்." இவ்வளவு போதும்.

கணக்கு வாத்தியார்:

இரண்டு நாளாக ஒன்றும் எழுதாமல் இருந்தேன். செவிலி அம்மா சொன்ன 15 சதவீதத்தைப் போட்டுப் பார்த்தேன். உண்மையான சர்க்கரை 210 என்றால் மீட்டர் 179 முதல் 241 வரை எதையும் காட்டலாம். தம்பி எழுதிய 198, 210, 217, 225 நான்கும் ஒரே சர்க்கரையாகவே இருந்திருக்கக்கூடும். அவர் ஒரு நாள் தேறினோம் என்றும் ஒரு நாள் தோற்றோம் என்றும் நினைத்தது வெறும் கருவியின் ஆட்டம். பதினாறு வருடம் பள்ளி நோட்டு மாதிரி கோடு போட்டு எழுதியவன் நான், இந்தப் பிழை வரம்பை ஒரு முறைகூட யோசித்ததில்லை. மாணவர்களுக்கு அளவீட்டுப் பிழை சொல்லிக்கொடுத்தவன்.

என் 6.8-ஐப் பெருமையாக எழுதினேன். எழுதாமல் விட்டது இது: காலையில் 140-ஐத் தாண்டினால் அன்று நான் யாரிடமும் பேச மாட்டேன். பேத்தி காலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் வருவாள். இதையும் அந்தப் பாரம் என்றுதான் சொல்வீர்களா?

அண்ணன் ஏன் நிறுத்தினார் என்று நான் கேட்கவில்லை, துணைவி அம்மா. திட்டினேன்.

பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. தம்பி, பாருங்கள்.

ஊசிமுனை:

ஐயா, அதுவும் பாரம்தான். எண் நன்றாக இருப்பவர்களிடம் யாரும் கேட்பதில்லை, அதனால் வெளியே தெரிவதில்லை. எனக்கு உதவிய ஒரு சின்ன விஷயம் சொல்லட்டுமா? "நல்ல சுகர், கெட்ட சுகர்" என்று சொல்வதை நிறுத்தினேன். அதிகம், குறைவு, அவ்வளவுதான். மழை அளவைப் பார்த்து யாராவது வெட்கப்படுவார்களா? அதே தொனியில் என் எண்ணைச் சொல்லிப் பழகினேன். ஒரு வருடம் ஆனது பழக.

இரவுக்காவல்:

எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு இறங்குவதுதான் பயம். இரண்டு வேளை கலப்பு இன்சுலின் போடுகிறேன். போன வருடம் இரவு வேலையில் தனியாக இருந்தபோது திடீரென்று வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கைபேசியில் எண்ணை அழுத்தத் தெரியவில்லை. எது முன்னே எது பின்னே என்றே புரியவில்லை. யாரோ வந்து பார்த்துப் பழச்சாறு கொடுத்தார்கள், பிறகு பார்த்தபோது 48. அன்றிலிருந்து வேண்டுமென்றே சர்க்கரையை 200-க்கு மேல் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும் முன் 130 வந்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், எதையாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். மருத்துவர் ஏன் ஏறுகிறது என்று கேட்கிறார், நான் தெரியவில்லை என்கிறேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஊசிமுனை:

வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்தப் பயத்தை அளக்கவும் தனியாகக் கேள்விப் படிவம் இருக்கிறது, அவ்வளவு பேருக்கு இருக்கிறது. வாத்தியார் ஐயா சொன்ன அதே டிசிசிடி ஆய்வில் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கடுமையான லோ சுகர் மூன்று மடங்கு வந்தது, அந்தப் பாதியை யாரும் நமக்குச் சொல்வதில்லை. ஒரு முறை அந்த நிலைக்குப் போய்வந்தவருக்குப் பயம் வருவது இயல்பு.

எனக்குப் பயம் குறைந்தது கையில் வழி இருந்ததால்தான். 70-க்குக் கீழே வந்தால் குளுக்கோஸ் 15 கிராம், அதாவது நாலு தேக்கரண்டி சர்க்கரை தண்ணீரில் கலந்து, அல்லது அரை டம்ளர் பழச்சாறு. பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் மறுபடி 15. சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். 54-க்குக் கீழே போனால் அது ஆபத்தான கட்டம். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்து இருந்தால் அது, இல்லாவிட்டால் உடனே ஆம்புலன்ஸ். இதை உங்களோடு வேலை செய்யும் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும், என் பையில் பணம் இல்லாமல் இருக்கும், அது இல்லாமல் இருக்காது.

படபடப்பு வரும்போது பயத்தால் வருகிறதா, சர்க்கரை இறங்கியதால் வருகிறதா என்று உடம்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டிலும் அட்ரினலின்தான். முதலில் குத்திப் பாருங்கள். எத்தனையோ முறை லோ என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு 160 இருந்திருக்கிறது. தொடர்ந்து அளக்கும் சென்சார் கிடைத்தால் மருத்துவரிடம் கேளுங்கள், இறங்கும்போதே சத்தம் போடும். ஆனால் அது விரல் ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். அந்தச் சத்தமே சிலருக்குப் பெரிய தொந்தரவு, நான் இரண்டு மாதம் கழற்றி வைத்திருக்கிறேன்.

சுகர் செவிலி:

இரவுக்காவல், ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பீட்டா பிளாக்கர் வகை என்றால் நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் மறைத்துவிடும், வியர்வை மட்டும் தெரியும். மருத்துவரிடம் 48-ஐயும் அந்த இரவையும் அப்படியே சொல்லுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் ஏறியிருக்கிறது என்று டோஸைத்தான் கூட்டுவார், அது உங்களுக்கு இன்னும் ஆபத்து.

தனிமரம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மருத்துவரைப் பார்த்தேன். தாளை நீட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு படுக்கச் சொல்லித் தொட்டுப் பார்த்தார். "இதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்" என்றார். போன முறை திட்டிய அதே மருத்துவர்தான். 26-ஐ 21 ஆக்கினார், வலது பக்கமும் தொடையும் மாறி மாறி, ஒவ்வொரு நாளும் ஒரு விரல் தள்ளி, ஒவ்வொரு முறையும் புது முனை.

மீட்டரை எடுத்த முதல் நாள் கை நடுங்கியது. 188. இரண்டாவது வாரம் 160-களில் வந்தது, இப்போது 140-க்கும் 155-க்கும் இடையில். ஏ1சி 9.4 என்று வந்தது, அது பழைய மூன்று மாதக் கணக்கு என்று தெரிந்திருந்தும் அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. அந்த இருபது கேள்விப் படிவத்தில் எனக்கு 56. ஒரு ஆலோசகரிடம் அனுப்பியிருக்கிறார்கள், ஒரு முறை போய் வந்தேன், இன்னும் என்ன பேசுவது என்று பிடிபடவில்லை.

எனக்குக் கோபம்தான் அதிகம் இருக்கிறது. இரண்டரை வருடம் மருந்து ஒரு கட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது, நானோ என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு நாள் 231 வந்தது, ஏன் என்று இதுவரை தெரியவில்லை. பழைய வேகத்தில் மீட்டரை இழுப்பறையில் போட்டேன். மாலையில் நானே எடுத்து மேசை மேல் வைத்தேன்.

அக்கா, ஒரு கேள்வி. அந்தத் திரட்சி கரையுமா?

சுகர் செவிலி:

அங்கே ஊசி போடாமல் விட்டால் மெதுவாகச் சுருங்கும். பல மாதம் ஆகும், சிலருக்கு முழுதும் போகாது. மாதம் ஒரு முறை தடவிப் பாருங்கள், புது இடங்களையும் சேர்த்து.

இரவுக்காவல்:

அக்கா, இதைப் படித்துவிட்டு இப்போதுதான் நானும் தடவிப் பார்த்தேன். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. நீங்கள் எழுதினீர்களே, சில நாள் பாதி வரும், சில நாள் தாமதமாக மொத்தமாக வரும் என்று. அந்த 48 அப்படித்தான் வந்திருக்குமா?

சுகர் செவிலி:

வந்திருக்கலாம். இன்றிரவு இடத்தை மாற்ற வேண்டாம். காலையில் முதல் வேலையாக மருத்துவரை அழைத்து, 48 வந்ததையும் இரண்டு பக்கத் திரட்சியையும் சேர்த்துச் சொல்லுங்கள், காலை டோஸ் எவ்வளவு, எந்த இடத்தில் என்று அவரிடமே கேட்டுவிட்டுப் போடுங்கள். இப்போது உங்கள் சர்க்கரை எவ்வளவு, குளுக்கோஸ் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, அதை மட்டும் இங்கே எழுதுங்கள். நான் விழித்துத்தான் இருப்பேன்.